அடுத்த ஸ்லாட் வாங்கும் முன்: தமிழ்க் கிறிஸ்தவ ஒளிபரப்பு ஊழியங்களின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான அறங்காவலர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

ஸ்தோத்திரம். ஊழியங்களின் நேயர் தொடர்பு, கணக்கு, ஒளிபரப்பு மேசைகளில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எந்த ஒரு ஊழியத்தையும் குறிவைத்து எழுதவில்லை. சேனலில் வாரம் அரைமணி நேரம், அதாவது ஒரு ஸ்லாட், காசு கொடுத்து வாங்கி நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும் சொந்தச் சேனல் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

காணிக்கை கொஞ்சம் கூடினால் அடுத்த மாதமே இன்னொரு சேனலில் ஸ்லாட் பேசிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. அறங்காவலர் கூட்டத்தில் அதுதான் வளர்ச்சி என்று பதிவாகிறது. எங்கள் கணக்கு வேறு. வந்த கடிதத்துக்கும் அழைப்புக்கும் எத்தனை நாளில் பதில் போகிறதோ அதை வைத்துத்தான் ஊழியத்தின் அளவைச் சொல்ல முடியும். பதில் எழுதும் நேயர் மேசை நிரம்பி வழியும்போது வாங்கும் ஒவ்வொரு புது ஸ்லாட்டும் பதில் கிடைக்காத புது மனிதர்களைச் சேர்க்கிறது. அவர்கள் இரண்டாவது முறை எழுதுவதில்லை, இரண்டாவது முறை கொடுப்பதுமில்லை. பிறகு ஸ்லாட் பாக்கியைக் கட்டத் திரையிலேயே கெஞ்ச வேண்டியிருக்கிறது.

முதலில் ஸ்லாட்டின் உண்மை விலை. ஒரு பேச்சுக்கு, வாரம் ஒரு அரைமணி நேரத்துக்குச் சேனல் 40,000 ரூபாய் கேட்கிறது என்று வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 47,200. ஊழியம் தான் செலுத்திய ஜிஎஸ்டியை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது, அது முழுச் செலவு. 52 வாரத்துக்கு 24,54,400. கேமரா, எடிட்டிங், ஸ்டுடியோ என்று ஒரு எபிசோடுக்கு 15,000 வீதம் 7,80,000. மொத்தம் 32,34,400 ரூபாய். இனி வரவு. மாதம் 300 ரூபாய் தருவதாகப் படிவம் நிரப்பிய பங்காளர் பன்னிரண்டு மாதமும் தருவதில்லை, எட்டு மாதம் தந்தால் நல்ல பங்காளர். ஆக ஆண்டுக்கு 2,400. அவருக்கு மாதப் பத்திரிகை அச்சடித்துத் தபாலில் சேர்க்க, இதழுக்கு 15 ரூபாய் என்றால் 180 போய்விடும். மிச்சம் 2,220. இந்த ஒரு ஸ்லாட்டைத் தாங்க 1,457 பங்காளர்கள் வேண்டும். இதில் ஜெப மேசையின் சம்பளம், தொலைபேசி, ரசீதுத் தபால், வாடகை எதுவும் இல்லை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இப்படி ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள்தான் அதிகம்.

ஒப்பந்தத்திலும் சில வரிகளைக் கவனியுங்கள். அவசரச் செய்தி, கிரிக்கெட், தேர்தல் என்று நிகழ்ச்சி தூக்கப்பட்டால் மாற்று நேரம் உண்டா, பணம் திரும்புமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பில்லோடும் ஒளிபரப்பான தேதி, நேரம் உள்ள டெலிகாஸ்ட் சான்றிதழ் வர வேண்டும், அது இல்லாமல் பில்லை பாஸ் பண்ணக் கூடாது. விலகுவதற்கு 30 நாள் நோட்டீஸ் போதும் என்ற வரி ஆண்டு ஒப்பந்தத் தள்ளுபடியைவிட மதிப்புள்ளது. ஒளிபரப்புக்கும் நிகழ்ச்சித் தயாரிப்புக்கும் பணம் கொடுக்கும்போது மூலவரி (டிடிஎஸ்) பிடிக்க வேண்டும்: தனிநபர் கேமராமேன் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2 சதவீதம், சட்டம் சொல்லும் உச்சவரம்பைத் தாண்டியதும். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை அறப்பணிச் செலவாக வருமான வரித்துறை ஏற்காது. பழைய சட்டத்தில் கணக்காளர்கள் 194சி என்று சொல்லிப் பழகியது இதைத்தான். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் டிவி விதிகளில் இன்னொன்று உண்டு. முழுக்க அல்லது பெரும்பாலும் மத நோக்கம் கொண்ட விளம்பரத்தை ஏற்கக் கூடாது என்பது 7ஆம் விதி. நற்செய்திக் கூட்ட அறிவிப்பைப் பொழுதுபோக்குச் சேனலின் விளம்பர இடைவேளையில் நுழைக்கப் பார்த்து, அது திரும்பி வந்ததும் சேனல்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை.

இப்போது நேயர் மேசைக்கு வருகிறோம், மடலின் கனம் இங்கேதான் இருக்கிறது.

இரவு 9 மணி நிகழ்ச்சி. கடைசி ஐந்து நிமிடம் ஜெப எண் திரையில் ஓடுகிறது. அடுத்த அரைமணி நேரத்தில் 300 அழைப்புகள் என்று வையுங்கள். அழுகிற ஒரு தாயிடம் பேசி ஜெபித்து முடிக்க ஆறு நிமிடமாவது ஆகும். 1,800 நிமிட வேலையை 30 நிமிடத்தில் முடிக்க 60 பேர் ஒரே சமயத்தில் உட்கார வேண்டும். எட்டு லைன் வைத்திருந்தால் 40 அழைப்பு எடுக்கலாம், மீதி 260 பேருக்கு பிஸி டோன். "எங்களை அழையுங்கள், உங்களுக்காக ஜெபிக்கக் காத்திருக்கிறோம்" என்று போதகர் சொல்லி முடித்த அதே நிமிடத்தில் நடப்பது இது.

இதற்கு ஆள் கூட்டுவது மட்டும் வழியில்லை. எண்ணைக் கடைசியில் மட்டும் காட்டாமல் நிகழ்ச்சி முழுக்கப் பரவலாகக் காட்டுங்கள், அலை கொஞ்சம் தட்டையாகும். மிஸ்டு கால் எண் வைத்து, 24 மணி நேரத்துக்குள் திரும்ப அழைப்போம் என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள். திரும்ப அழைப்பவர் ஆறு நிமிடம் பேசி இரண்டு நிமிடம் குறிப்பு எழுதினால், நான்கு மணி நேர ஷிப்டில் தண்ணீர் குடிக்கும் நேரம் போக 25 அழைப்பு முடிப்பார். 300 அழைப்புக்கு 12 ஷிப்டு. இந்த 12 பேர் இல்லையென்றால் உங்களிடம் இன்னொரு ஸ்லாட்டுக்கு இடமில்லை, வங்கியில் எவ்வளவு இருந்தாலும் சரி. ஒவ்வொரு சேனலுக்கும் வேறு வேறு எண் கொடுங்கள். எந்தச் சேனலிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும், இல்லையென்றால் எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் தொடர்ந்துகொண்டே இருப்பீர்கள்.

அழைப்பெடுக்கிறவர்களுக்கு ஜெபிக்கத் தெரிந்தால் போதாது. சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஜெபித்துவிட்டு வைத்துவிடக் கூடாது. மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் 104, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகியவை மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருக்க வேண்டும். குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாவது அழைப்பில் தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியே தீர வேண்டும். "ஜெபத்தில் சொன்னது, ரகசியம்" என்று சட்டத்தில் விலக்கு கிடையாது. சொல்லாமல் விடுவது தண்டனைக்குரிய குற்றம். தன்னார்வலர்களுக்கு இதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லுங்கள்.

மற்ற விஷயங்களில் ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும். கடன், கருச்சிதைவு, கணவனின் குடி, ஹெச்ஐவி எல்லாம் ஜெப விண்ணப்பத்தில் வரும். அதைப் பெயர், ஊர், போன் நம்பரோடு 200 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஊர் சபைக் குழுவுக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது. குழுவுக்கு விண்ணப்ப எண்ணும் தேவையும் மட்டும் போகட்டும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஊழியங்களை விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

தபால் மேசையில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. ஒரே கவரில் 500 ரூபாய் காசோலையும் நான்கு பக்கக் கடிதமும் வரும். காசோலையை எடுத்துக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள், கடிதம் ஜெபப் பிரிவுக்குப் போகும் கட்டில் சேர்கிறது. ரசீது ஒரு வாரத்தில் போய்விடும். கடிதத்துக்குப் பதில் ஒன்றரை மாதம் கழித்துப் போகும், சில சமயம் போகவே போகாது. எழுதியவருக்கு என்ன தோன்றும்? பணத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. கவரைப் பிரித்ததும் காசோலை, கடிதம், கவர் மூன்றிலும் ஒரே வரிசை எண் முத்திரை குத்துங்கள். ரசீதும் பதிலும் சேர்ந்தே போகட்டும். பதில் தயாராகவில்லை என்றால் ரசீதோடு கையால் எழுதிய இரண்டு வரியாவது போகட்டும், அதில் அவர் எழுதிய விஷயத்தின் பெயர் இருக்கட்டும். ஆசீர்வாத வசனம் அச்சடித்த பொது அட்டையை நேயர்கள் அடுத்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

யுபிஐ வந்த பிறகு பிரச்சினை தலைகீழானது. பணம் வருகிறது, ஆள் தெரிவதில்லை. வங்கிக் கணக்கு அறிக்கையில் ஒரு பெயரின் பாதியும் 12 இலக்கக் குறிப்பு எண்ணும்தான் இருக்கும். அனுப்பியவர் குறிப்பில் "மகள் பரீட்சைக்கு ஜெபிக்கவும்" என்று எழுதியிருப்பார், அது நம் அறிக்கைக்கு வந்து சேராமலே போகலாம். திரையில் கியூஆர் காட்டும்போதே, 12 இலக்க எண்ணையும் பெயர், முகவரியையும் இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள் என்ற வரி அதோடு வர வேண்டும். நிரந்தரப் பங்காளர்களுக்கு வங்கியில் கேட்டு விர்ச்சுவல் அக்கவுண்ட் எண் வாங்கிக் கொடுக்கலாம். பங்காளர் எண்ணே கணக்கு எண்ணின் கடைசிப் பகுதியாக இருப்பதால் யார் அனுப்பியது என்ற குழப்பமே இல்லை.

மாதாமாதம் தானாகப் பிடிக்கும் ஆட்டோ டெபிட் படிவத்தைக் கூட்டங்களில் உற்சாகமாக நிரப்பி வாங்குகிறோம். பிடிக்கும் தேதியை ஊழியத்தின் வசதிக்கு வைக்காதீர்கள், அவருக்குச் சம்பளமோ பென்ஷனோ வரும் தேதிக்கு அடுத்த நாளுக்கு வையுங்கள். கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் அவருடைய வங்கி அவரிடம் அபராதம் பிடிக்கும். 200 ரூபாய் காணிக்கைக்காக அதைவிடப் பெரிய அபராதம் கட்டிய பாட்டிக்கு நாம் அனுப்பும் ஆசீர்வாதச் செய்தி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இரண்டு முறை தொடர்ந்து திரும்பினால் மூன்றாவது முறை அனுப்பாமல் நிறுத்திவிட்டு, போன் செய்து சுகம் விசாரியுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

வரிச்சலுகை பற்றித் திரையில் சொல்லும் வாசகங்களைத் தயவுசெய்து ஆடிட்டரிடம் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். பழைய சட்டத்தில் 80ஜி என்று சொல்லிப் பழகிய நன்கொடை வரிச்சலுகை ஒரு குறிப்பிட்ட மதத்தவருக்கான அமைப்புக்குக் கிடைக்காது. சலுகை பெற்ற அறக்கட்டளையும் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதப் பணிக்குச் செலவிட முடியாது. பிரசங்க ஒளிபரப்புக்குக் காணிக்கை கேட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் கல்வி அறக்கட்டளையின் 80ஜி ரசீதைக் கொடுப்பது கொடுத்தவரையும் சேர்த்து வம்பில் மாட்டும் வேலை.

வெளிநாட்டுக் காணிக்கையில் சறுக்கல் இன்னும் அதிகம். சிங்கப்பூரிலும் கனடாவிலும் பார்க்கிறவர்கள் பெருகியதும் இணையதளத்தில் ஒரு பொத்தானை வைத்துவிடுகிறோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர் வங்கி வழியாகத் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓசிஐ அட்டைக்காரர் (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமகன்), அங்கே குடியுரிமை பெற்றவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. பேரும் மொழியும் ஒன்றுதான், பாஸ்போர்ட்டைக் கேட்காமல் தெரியாது. ஆகவே படிவத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லையென்றால், இணையத்தில் பணம் வாங்கும் கேட்வேயிலேயே வெளிநாட்டு அட்டைகளை அடைத்துவிடுங்கள். பதிவு இருந்தால், 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் புதுதில்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. லண்டன் கூட்டத்தில் கையில் கொடுத்த கவரை சூட்கேஸில் கொண்டுவருவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறோம்.

வளர்கிற ஊழியங்கள் கவனிக்காத ஒன்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. செய்தி அல்லது நடப்பு நிகழ்வு நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும், ஒளிபரப்பும் அமைப்பு வெளிநாட்டு நன்கொடை பெற முடியாது. பதிவுபெற்ற செய்தித்தாளின் உரிமையாளர், ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவருக்கும் அதே தடை. நேயர்களைக் கூட்ட ஒரு "கிறிஸ்தவச் செய்திகள்" பகுதியைத் தொடங்குவதும், தபால் சலுகைக்காக மாதப் பத்திரிகையைப் பதிவுசெய்வதும் சாதாரண முடிவுகள் போலத் தெரியும். இரண்டும் எஃப்சிஆர்ஏ பதிவையே ஆட்டிவைக்கும்.

சேமிப்பு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: வரிவிலக்குக்கு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவழிக்க வேண்டும், அதனால் கையிருப்பு வைக்க முடியாது என்பது. மீதி 15 சதவீதத்தை நிபந்தனையின்றி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் வேண்டுமானால் நோக்கத்தைக் குறிப்பிட்டு உரிய படிவம் கொடுத்து ஐந்தாண்டு வரை ஒதுக்கி வைக்கலாம். ஆறு மாத ஸ்லாட் கட்டணம் கையிருப்பில் வரும்வரை புது ஸ்லாட் கிடையாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். டிசம்பர் வரவைப் பார்த்து ஜனவரியில் ஒப்பந்தம் போடுவதுதான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை. கிறிஸ்துமஸ், வருடக் கடைசி ஆராதனை, புத்தாண்டு வாக்குத்தத்த காலண்டர் என்று அந்த ஆறு வாரமும் வரவு பொங்கும். மே, ஜூனில் பள்ளிக் கட்டணம் வந்ததும் வடிந்துவிடும். எந்த முடிவுக்கும் கடந்த பன்னிரண்டு மாதச் சராசரியை மட்டும் பாருங்கள்.

வளர்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம், நம் டிவி ஊழியங்கள் பங்காளர் திட்டத்தைக் கற்றுக்கொண்டதே அங்கிருந்துதான். போதகர் ராபர்ட் ஷூலர் 1955இல் ஒரு டிரைவ்-இன் திரையரங்கில் பிரசங்கத்தைத் தொடங்கி, 1970இல் டிவிக்கு வந்து, 1980இல் கலிபோர்னியாவின் கார்டன் குரோவில் கண்ணாடிப் பேராலயம் கட்டினார். 2010 அக்டோபரில் அந்த ஊழியம் திவால் மனு கொடுத்தது. கடன்காரர் பட்டியலில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பொருள் கொடுத்த சிறு வியாபாரிகளும் இருந்தார்கள். கட்டடம் 5.75 கோடி டாலருக்கு ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குப் போனது. ஜிம் பேக்கர் நடத்திய பிடிஎல் டிவி ஊழியத்தின் கதை இன்னும் மோசம். ஆயிரம் டாலர் கொடுத்தால் வாழ்நாள் முழுக்க ஆண்டுதோறும் மூன்று இரவு இலவசத் தங்கல் என்று, விடுதியில் அறை இருக்கும் அளவுக்கு மேல் விற்றார்கள். வந்த பணத்தை நடப்புச் செலவில் கரைத்தார்கள். 1989இல் நீதிமன்றம் பேக்கருக்கு 45 ஆண்டு சிறை விதித்தது, பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. ஒரு நோக்கத்துக்கு வாங்கிய காணிக்கையை மாதச் செலவுக்கு எடுப்பதுதான் அங்கும் தொடக்கம். அநாதை இல்லத்துக்கு வந்ததை ஸ்லாட் பாக்கிக்குத் "தற்காலிகமாக" மாற்றியிருக்கிறீர்களா என்று உங்கள் பேரேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே 1979இல் தொடங்கிய இசிஎஃப்ஏ என்ற, ஊழியங்களின் நிதிப் பொறுப்பைக் கவனிக்கும் அமைப்பு, உறுப்பு ஊழியங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது ஐந்து பேர், அவர்களில் பெரும்பாலோர் நிறுவனருக்கு உறவோ ஊழியரோ அல்லாதவர் என்று விதி வைத்திருக்கிறது. நம் ஊரில் ஐயா, அம்மா, மகன், மருமகள் என்று நாலு பேர் கையெழுத்தில் ஓடும் அறக்கட்டளைகளில், பாக்கி ஏறுகிறது என்று வாய் திறந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? சம்பளம் வாங்கும் எங்களால் ஒரு அளவுக்கு மேல் முடியாது.

சாட்சி நிகழ்ச்சிகள்தான் வரவை அதிகம் இழுப்பவை, ஆபத்தும் அதில்தான். சாட்சி சொல்பவரின் எழுத்துச் சம்மதம், மருத்துவமனையின் முன், பின் அறிக்கைகள் இரண்டும் இல்லாமல் நோய் குணமான சாட்சியை ஒளிபரப்பாதீர்கள். "மாத்திரையை நிறுத்திட்டேன், சுகமாயிருக்கேன்" என்ற வரி வந்தால் எடிட்டிங்கில் வெட்டுங்கள். காசநோய் மாத்திரையை இடையில் நிறுத்துகிறவருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். பார்த்துக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரில் அப்படி நிறுத்துகிறவர் ஒருவர் போதும். எண்ணெய், கைக்குட்டை என்று எதையாவது அனுப்பி நோய் தீரும் என்று விளம்பரம் செய்தால், 1954ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் வாயிலில் நிற்கிறீர்கள்.

ஒளிபரப்பும் வழி எதுவும் நிரந்தரமில்லை என்பது நம் மூத்தோருக்குத் தெரியும். செஷல்ஸ் தீவுகளிலிருந்து 1970இல் தொடங்கிய ஃபீபா கிறிஸ்தவ வானொலியின் சிற்றலை (ஷார்ட்வேவ்) ஒலிபரப்பு 2003இல் நின்றது. வேரித்தாஸ் ஆசிய வானொலியின் சிற்றலை 2018 ஜூனோடு முடிந்தது. அலை போனபோதும் நேயர் முகவரி அட்டைகளை ஒழுங்காக வைத்திருந்தால் தொடர்பு நிற்காது. இன்று கேபிளில் சேனல் எண் மாறினாலே நேயர் தொலைந்துபோகிறார். யூடியூப் சேனலின் உரிமைக் கணக்கு பல இடங்களில் வேலையை விட்டுப் போன எடிட்டரின் ஜிமெயிலில் இருக்கிறது. இன்றே அதை அறக்கட்டளையின் பெயரிலுள்ள கணக்குக்கு மாற்றி, இரண்டு அறங்காவலர்களை உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் கேட்பது மூன்று தாள்கள். சென்ற மாதம் வந்த கடிதம், அழைப்பு எத்தனை, அதில் பத்து நாளுக்குள் பதில் போனவை எத்தனை என்பது ஒன்று. முதல் காணிக்கை தந்தவர்களில் 90 நாளுக்குள் மறுபடி தந்தவர்கள் எத்தனை பேர், சேனல் வாரியாக, என்பது இரண்டாவது. நோக்கம் குறித்து வந்த காணிக்கைகளின் தனித்தனிக் கையிருப்பும் மொத்த ஸ்லாட் பாக்கியும் பக்கம் பக்கமாக இருப்பது மூன்றாவது. பத்து நாளுக்குள் பதில் போனவை பத்துக்கு எட்டுக்குக் குறைந்திருந்தால், ஸ்லாட் பற்றிய பொருளை அன்றைய நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டு, நேயர் மேசைக்கு ஆள் எடுப்பது பற்றிப் பேசுங்கள். தாள்களைத் தயாரிக்க எங்களுக்கு இரண்டு வாரம் போதும்.

இப்படிக்கு,
ஊழியத்தில் உங்களோடு,
நேயர் தொடர்பு, கணக்கு, ஒளிபரப்புப் பிரிவினர்